எதிர்வெயிலில் ரோடு தெரியவில்லையா? கோளாறு எங்கே என்று பார்த்துச் சரிசெய்வது எப்படி

பைக்கில் போகும்போது கண் கூசினால் பெரும்பாலானவர்கள் முதலில் வாங்குவது கறுப்பு வைசர்தான், அதாவது ஹெல்மெட்டின் முன்மூடி. பகலில் இதமாக இருக்கும். சாயங்காலம் இருட்டியதும் பள்ளமும் தெரியாது, குறுக்கே வரும் ஆளும் தெரியாது. வைசரைத் தூக்கிவிட்டு ஓட்ட ஆரம்பிப்பார்கள். அப்புறம் தூசியும் பூச்சியும் கண்ணில் விழும். ஒன்றைச் சரிசெய்யப் போய் இன்னொன்று கெட்டுப்போகிறது.

கண்கூச்சம் என்று நாம் பொதுவாகச் சொல்வது ஒரே கோளாறு அல்ல. சூரியனே நேராகக் கண்ணில் விழலாம், வைசர் வெளிச்சத்தைச் சிதறடிக்கலாம், தரையோ தண்ணீரோ கார்க் கண்ணாடியோ திருப்பி அடிக்கலாம், அல்லது கண்ணிலேயே குறை இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. அதனால் எதையும் வாங்குவதற்கு முன் ஒரு சின்ன சோதனை செய்துவிடுங்கள்.

முதலில் செய்ய வேண்டிய சோதனை

வெயில் எதிரே இருக்கும் நேரத்தில் வண்டியை ஓரங்கட்டி நிறுத்துங்கள். ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டாம். சூரியனைப் பார்க்காதீர்கள், அதற்குக் கீழே, கொஞ்சம் தள்ளியிருக்கும் ஒரு கடை போர்டைப் பாருங்கள். இப்போது வைசரை மேலே தூக்குங்கள். போர்டில் உள்ள எழுத்து சட்டென்று தெளிந்தால் கோளாறு வைசரில்தான். பவர் கண்ணாடி போடுகிறவர்கள் அதையும் துடைத்துவிட்டு இன்னொரு முறை பார்க்க வேண்டும்.

மாற்றம் இல்லையென்றால், உள்ளங்கையை நீட்டிச் சூரியனை மட்டும் மறையுங்கள். தெளிந்தால் நேர்வெயில்தான் பிரச்சினை. மறைத்த பிறகும் கூசினால் கீழிருந்தோ பக்கத்திலிருந்தோ வெளிச்சம் வருகிறது. கூட வந்தவருக்கு எல்லாம் நன்றாகத் தெரிகிறது, உங்களுக்கு மட்டும் தெரியவில்லை என்றால் கடைசிப் பகுதிக்குப் போய்விடுங்கள்.

வைசரைத் தூக்கும் சோதனையை முதலில் செய்வதற்குக் காரணம் இருக்கிறது. கீறல் விழுந்த வைசரோடு கையால் சூரியனை மறைத்தாலும் பார்வை தெளியும், ஏனென்றால் கீறலில் விழும் வெளிச்சமும் சேர்ந்து நின்றுவிடுகிறது. வரிசையை மாற்றினால் பழி சூரியன் மேல் போய்விடும்.

"வெயில் எதிரே வந்ததும் முன்னால் வெள்ளைத் திரை விழுந்த மாதிரி ஆகிவிடுகிறது"

நிறையப் பேருக்கு இருப்பது இதுதான். நிழலில் வைசர் சுத்தமாகத் தெரியும், அதனால் சந்தேகமே வராது. வைசரைக் கழற்றிச் சாயங்கால வெயிலில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். வட்ட வட்டமாக, முடியை விட மெல்லிய கோடுகள் நூற்றுக்கணக்கில் மின்னும். கண்ணுக்கு நேராக வரும் இடத்தில்தான் அவை அதிகம், ஏனென்றால் நாம் துடைப்பதும் அந்த இடத்தைத்தான். ஒவ்வொரு கோடும் சூரிய வெளிச்சத்தைத் தன் பங்குக்குச் சிதறடிக்கும். அந்தச் சிதறல்தான் திரை. இருட்டிலும் சோதிக்கலாம்: தெருவிளக்கைச் சுற்றி முள்முள்ளாக வெளிச்சம் நீண்டால் வைசரின் காலம் முடிந்துவிட்டது.

கீறல் விழுவதற்குக் காரணம் உலர்துடைப்பு. நம் ஊர் ரோட்டுத் தூசியில் பாதி மணல். மெட்ரோ வேலை நடக்கும் ரோடுகளில் சிமெண்டுத் தூளும் சேர்ந்துகொள்ளும். கடற்கரை ஓரம் தினமும் போகிறவர்களுக்கு உப்பும் படியும். சிக்னலில் நின்றபடி சட்டை நுனியால் ஒரு தேய்ப்புத் தேய்த்தால், அந்த மணலை வைத்தே வைசரைத் தேய்க்கிறோம் என்று அர்த்தம்.

கழுவும் முறை சுலபம். பழைய மென்மையான துணியைத் தண்ணீரில் நனைத்து வைசர் மேல் போர்த்தி ஐந்து, பத்து நிமிடம் விடுங்கள். ஒட்டிய பூச்சியும் தூசியும் ஊறிவிடும். அப்புறம் தண்ணீரை ஊற்றி, சோப்புத் தண்ணீரில் விரல் நுனியால் தடவி, மறுபடி தண்ணீர் விட்டு, அழுத்தாமல் ஒற்றி எடுங்கள். உள்பக்கத்தையும் மறக்க வேண்டாம். மூச்சும் வியர்வையும் அங்கே மெல்லிய படலமாகப் படிந்து, எதிர்வெயிலில் கீறல் செய்யும் வேலையையே செய்யும்.

பெட்ரோல், தின்னர், அமோனியா கலந்த கண்ணாடித் திரவம் மூன்றையும் கிட்டே கொண்டுவராதீர்கள். வைசர் பெரும்பாலும் பாலிகார்பனேட் பிளாஸ்டிக். இவை பட்டால் மங்கும், நுண்வெடிப்பு விடும். பற்பசை போட்டுத் தேய்த்தால் கீறல் போய்விடும் என்று சொல்வார்கள். போவது மேலே இருக்கும் கடினப் பூச்சுதான். அடுத்த வாரமே இரண்டு மடங்கு கீறல் விழும்.

கீறல் முற்றிவிட்டால் மாற்றுவதுதான் வழி. சாதாரண ஹெல்மெட்டுகளுக்கு வைசர் சில நூறு ரூபாய்க்குள் கிடைத்துவிடும். சென்னையில் புதுப்பேட்டையிலோ ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலோ கடைக்குப் போகும்போது ஹெல்மெட்டைக் கையோடு எடுத்துப்போங்கள். "எல்லாத்துக்கும் சேரும்ணே" என்று கொடுக்கும் வைசரை வாங்காதீர்கள். உங்கள் மாடலுக்கு உரியதுதான் கிளிப்பில் சரியாக உட்காரும். ஹெல்மெட்டே ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாததாக இருந்தால் முழுவதுமாக மாற்றிவிடுவது நல்லது. 2021 ஜூன் 1 முதல் ஐ.எஸ். 4151 என்ற இந்தியத் தரமில்லாத ஹெல்மெட்டை விற்கவே கூடாது என்பது சட்டம்.

வீட்டில் ஹெல்மெட்டை முகம் குப்புற வைக்காதீர்கள். ஸ்கூட்டர் டிக்கியில் ஸ்பேனர், பூட்டோடு சேர்த்துப் போடாதீர்கள்.

மார்கழிக் காலையில் மட்டும் திரை விழுகிறது என்றால் அது கீறல் அல்ல, மூச்சுப்பனி. தாடைப் பக்கக் காற்றுத்துளையைத் திறந்து, வைசரை ஒரு படி விலக்கினால் போதும். போகிப் பண்டிகைக் காலை வேறு ரகம். புகையும் பனியும் கலந்து சூரிய வெளிச்சத்தையே வெள்ளையாகப் பரப்பிவிடும். எந்தக் கண்ணாடியும் உதவாது. அன்றைக்கு ஒரு மணி நேரம் தாமதமாகக் கிளம்புவதுதான் வழி.

"வைசர் புதுசு. ஆனாலும் சூரியன் நேரே வந்தால் ஒன்றுமே தெரியவில்லை"

இது நேர்வெயில். எங்கே, எப்போது அடிக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்பது இதில் ஒரு வசதி.

சென்னையில் சூரியன் கிட்டத்தட்ட செங்குத்தாகவே ஏறும், மணிக்குச் சுமார் 13, 14 டிகிரி. உதித்து ஒன்றே கால், ஒன்றரை மணி நேரத்தில் ஹெல்மெட்டின் நெற்றி விளிம்பே அதை மறைக்கும் உயரத்துக்குப் போய்விடும். மறைவதற்கு முந்தைய ஒன்றரை மணி நேரமும் அப்படியே. ஜனவரிக் கடைசியில் இங்கே சூரியன் உதிப்பது 6.35 வாக்கில், எட்டு மணி வரை எதிர்வெயில் இருக்கும். ஜூனில் 5.45-க்கு முன்பே உதித்துவிடுவதால், ஏழேகாலுக்கு மேல் கிளம்புகிறவருக்குத் தொல்லை இல்லை. சாயங்காலம் இதற்கு நேர்மாறு. நவம்பரில் 5.40-க்கெல்லாம் மறைந்துவிடும், ஆறு மணிக்கு ஆபீஸ் விடுகிறவர் தப்பித்தார். ஜூலையில் 6.40 வரை இருக்கும், அவர் வசமாக மாட்டுவார். ஆக, வேலைக்குப் போகிறவர்களுக்குக் காலைக் கூச்சம் குளிர்காலத்தில், சாயங்காலக் கூச்சம் கோடையிலும் அதை ஒட்டிய மாதங்களிலும்.

அடுத்தது ரோட்டின் திசை. பூந்தமல்லி, போரூர், மதுரவாயலில் குடியிருந்து எழும்பூர், சென்ட்ரல் பக்கம் வேலைக்குப் போகிறவர்களுக்குக் காலையிலும் வெயில் முகத்தில், திரும்பும்போதும் முகத்தில். பல்லாவரத்திலிருந்து ரேடியல் ரோடு வழியாகத் துரைப்பாக்கம் போகிறவர்களுக்கும், மேடவாக்கத்திலிருந்து சோழிங்கநல்லூர் போகிறவர்களுக்கும் இதே கதி. நகரத்துக்குள்ளிருந்து ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்குப் போகிறவர்களுக்கு இரண்டு வேளையும் முதுகில். மார்ச், செப்டம்பர் மாதங்களில் 20 தேதியை ஒட்டி சூரியன் நேர் கிழக்கில் உதித்து நேர் மேற்கில் மறையும். ராதாகிருஷ்ணன் சாலை, ஆற்காடு சாலை, பூந்தமல்லி நெடுஞ்சாலை மாதிரி ஏறக்குறைய கிழக்கு மேற்காக ஓடும் ரோடுகளுக்கு அந்த நாட்கள் கடுமை. டிசம்பரில் சூரியன் தென்மேற்கில் மறைவதால், அண்ணா சாலையில் கிண்டியை நோக்கிப் போகிறவர்களுக்குச் சாயங்காலம் சாய்வாக அடிக்கும்.

அரை மணி நேரம் மாற்றிக் கிளம்ப முடிந்தால் சூரியன் ஏழு டிகிரி நகர்ந்துவிடும். அதைவிடப் பெரிய உதவி வேறு எதிலும் இல்லை. முடியாதவர்களுக்கு மலிவான வழி ஒன்று இருக்கிறது: கறுப்பு இன்சுலேஷன் டேப். வைசரின் வெளிப்பக்கம், மேல் ஓரத்தில் ஒன்றரை, இரண்டு செ.மீ. அகலத்துக்குப் பட்டையாக ஒட்டுங்கள். ஹெல்மெட்டைப் போட்டு நேராகப் பார்க்கும்போது பட்டையின் கீழ் விளிம்பு பார்வையின் மேல் ஓரத்தில் லேசாகத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். வெயில் வரும்போது தாடையைச் சற்றே இறக்கினால் சூரியன் பட்டைக்குப் பின்னால் போய்விடும், ரோடு அதன் கீழே தெளிவாகத் தெரியும். வானத்தில் சூரியனின் அகலம் அரை டிகிரிதான் என்பதால் இவ்வளவு சின்னப் பட்டையே போதுமானது. ஒரே கவனம்: சிக்னலில் வெள்ளைக் கோட்டுக்கு மிக அருகில் நின்றால் உயரத்தில் இருக்கும் சிக்னல் பட்டைக்குள் மறையும். கொஞ்சம் பின்னாலேயே நிறுத்துங்கள்.

புது ஹெல்மெட் வாங்குவதாக இருந்தால், உள்ளே இறங்கும் கறுப்புக் கண்ணாடி வைத்த மாடலாக வாங்குங்கள். கட்டைவிரலால் இறக்கலாம், ஏற்றலாம். பவர் கண்ணாடிக்காரர்களுக்கு இதைவிடச் சௌகரியம் இல்லை. ஆனால் கடையிலேயே உங்கள் கண்ணாடியோடு போட்டு, மூக்கில் இடிக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். முழுக் கறுப்பு வைசரைத்தான் விரும்புகிறீர்கள் என்றால் தெளிந்த வைசர் ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். ஐரோப்பாவின் முந்தைய ஹெல்மெட் தரமான இ.சி.இ. 22.05-இல், 80 சதவீதத்துக்குக் குறைவாக வெளிச்சம் விடும் வைசரில் "பகலுக்கு மட்டும்" என்று குறிப்பிட வேண்டும் என்றே விதி இருந்தது.

கூலிங் கிளாஸ் போடுகிறவர்கள், அது எவ்வளவு கறுப்பு என்பதைக் காட்டும் வகை எண்ணைக் கேட்டு வாங்குங்கள். 0 முதல் 4 வரை வகை உண்டு. பகல் ஓட்டத்துக்கு 2 அல்லது 3 சரி. 4 என்பது பனிமலைக்கானது, வண்டி ஓட்ட ஆகாது. நிறம் சாம்பலாக இருந்தால் சிக்னல் நிறம் மாறாது, பழுப்பும் பரவாயில்லை, நீலமும் சிவப்பும் வேண்டாம். பிளாட்பாரத்தில் கிடைக்கும் கறுப்புக் கண்ணாடியில் புற ஊதாத் தடுப்பு இருக்கிறதா என்று யாரும் சொல்ல முடியாது. காதுப் பட்டை மெல்லியதாக, நேராக இருக்கட்டும். தடியாக இருந்தால் ஹெல்மெட்டுக்குள் அழுத்தித் தலைவலி வரும். வெயிலில் தானாகக் கறுக்கும் கண்ணாடிக்குப் பணம் செலவழிக்கும் முன் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: அது கறுப்பது புற ஊதாக் கதிரால். பாலிகார்பனேட் வைசர் அந்தக் கதிரைத் தடுத்துவிடுவதால் ஹெல்மெட்டுக்குள் சரியாகக் கறுக்காது.

பெரிய பஸ்ஸின் நிழலுக்குள் ஒட்டிப் போவது பலர் கையாளும் தந்திரம். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது எவ்வளவு ஆபத்து என்று தெரியும். சூரியன் 10 டிகிரி உயரத்தில் இருக்கும்போது 3 மீட்டர் உயர பஸ்ஸின் நிழல் உங்கள் கண்ணை மறைக்க, நீங்கள் அதன் பின்னால் 9 மீட்டருக்குள் இருக்க வேண்டும். 40 கி.மீ. வேகத்தில் 9 மீட்டரைக் கடக்க ஒரு நொடிகூட ஆகாது. பஸ் பிரேக் பிடித்தால் நீங்கள் பிடிப்பதற்கு நேரமில்லை. செய்யாதீர்கள்.

"சூரியன் மேலே போய்விட்டது, ஆனால் ரோடே பளபளக்கிறது"

மழை விட்ட பிறகு வரும் வெயிலில் இது உச்சம். ஐப்பசி, கார்த்திகையில் தேங்கிய தண்ணீர் எல்லாம் வெள்ளியாக மின்னும். அதில் எது வெறும் ஈரம், எது முழங்கால் பள்ளம் என்று பிரிக்க முடியாது. ரேடியல் ரோட்டில் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தைக் கடக்கும் இடத்தில் மழை இல்லாத நாளிலும் இரண்டு பக்கத் தண்ணீரும் திருப்பி அடிக்கும். கட்டடமோ மரமோ மறைப்பதற்கு இல்லை.

இதற்கு மட்டும் உருப்படியான மருந்து போலரைஸ்டு கண்ணாடி. தண்ணீர், தார், கார்க் கண்ணாடி போன்ற பரப்புகளில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் பெரும்பாலும் கிடைமட்டமாக அதிரும். போலரைஸ்டு கண்ணாடி அந்த அதிர்வை மட்டும் வடிகட்டிவிடும். எதிரே இருக்கும் சூரியனை மற்ற கறுப்புக் கண்ணாடி எவ்வளவு குறைக்குமோ அவ்வளவுதான் இதுவும் குறைக்கும். அதனால் நேர்வெயிலுக்காக இதைக் கூடுதல் விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

வாங்கிய பிறகு மூன்று விஷயம் புதிதாகத் தெரியும். வைசர் வழியே வானவில் திட்டுகள். அது வைசர் வார்ப்பில் ஏற்பட்ட இறுக்கம், கண்ணில் கோளாறு அல்ல. டிஜிட்டல் மீட்டரும் மொபைலும் சில கோணத்தில் இருண்டு போகும். தலையைச் சாய்த்தால் திரும்ப வரும். மூன்றாவதுதான் முக்கியம். ரோட்டில் கொட்டிய ஆயிலையும் வழுக்கும் ஈரத்தையும் நமக்குக் காட்டிக்கொடுப்பதே அந்தப் பளபளப்பு. அதை அழித்துவிட்டு ஓட்டும்போது திருப்பத்தில் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும்.

மொபைல் ஹோல்டரிலிருந்தோ குரோம் மூடியிலிருந்தோ ஒரே ஒரு புள்ளி மட்டும் கண்ணில் குத்தினால் கோணத்தை மாற்றுங்கள், அல்லது மேட் கறுப்பு டேப் ஒட்டுங்கள்.

"சிக்னல் பச்சையா சிவப்பா என்றே தெரியவில்லை"

சூரியன் சிக்னலுக்குப் பின்னால் இருந்தால் விளக்கு வெளிச்சத்தில் மூழ்கிவிடும். உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் இன்னும் மோசம். பழைய மாதிரி விளக்குகளில் வெயில் உள்ளே போய்த் திரும்பி வந்து, எல்லா நிறமும் எரிவது போலத் தெரியும். முன்னால் போகும் வண்டியின் பிரேக் லைட்டும் அப்படித்தான் ஏமாற்றும். விளக்கை நம்பாமல் வண்டிகளைப் பாருங்கள்: குறுக்கு ரோட்டில் வண்டி நகர்கிறதா, முன்னால் போகிறவரின் இடைவெளி சுருங்குகிறதா? சந்தேகம் இருந்தால் சிவப்பு என்றே வைத்துக்கொண்டு நில்லுங்கள். பின்னால் ஹாரன் அடிப்பவருக்காக நகர வேண்டாம்.

"சப்வேயில் இறங்கியதும் இரண்டு நொடி குருடு"

தி.நகரையும் மேற்கு மாம்பலத்தையும் இணைக்கும் துரைசாமி சப்வே, மேட்லி சப்வே மாதிரி இடங்களில் வெளியே கொளுத்தும் வெயில், உள்ளே இருட்டு. கண் பழக நேரம் பிடிக்கும். வயது ஏற ஏற இன்னும் கூடுதலாக. 40 கி.மீ. வேகத்தில் இரண்டு நொடி என்றால் 22 மீட்டர். சரிவு தொடங்குவதற்கு முன்பே ஹெல்மெட்டின் கறுப்பு உள் கண்ணாடியை ஏற்றிவிட்டு, வேகத்தைப் பாதியாக்கி இறங்குங்கள். கூலிங் கிளாஸ் போட்டிருந்தால் ஓடும்போது கழற்ற முடியாது என்பதால்தான் உள் கண்ணாடியைச் சிபாரிசு செய்கிறேன்.

மேம்பாலத்தில் ஏறும்போது நேர்மாறு. வண்டியின் மூக்கு மேலே திரும்புவதால் சூரியன் பார்வைக்கு நேராக இறங்கி வரும். உச்சிக்குப் போகும்வரை அந்தப் பக்கம் நெரிசலா என்று தெரியாது. ஏறும்போதே வேகத்தை விட்டுவிடுங்கள்.

"பக்கவாட்டில் வெளிச்சம் பளிச் பளிச் என்று அடிக்கிறது"

சாயங்காலம் கோயம்பேட்டிலிருந்து அசோக் நகர் பக்கம் நூறடி ரோட்டில் வந்தால் தெரியும். மெட்ரோ தூண்கள் வலது பக்கம், அவற்றுக்குப் பின்னால் மேற்கு வெயில். தூண் நிழல், வெயில், தூண் நிழல், வெயில். நிழல் பட்டைக்குள் நடந்து குறுக்கே வருகிறவர் கண்ணில் படவே மாட்டார். இடது பக்கம் ஒதுங்கி, சீரான மிதமான வேகத்தில் வாருங்கள். அகலமான ஹெல்மெட் ஓரம் கொஞ்சம் உதவும். வேறு பெரிய வைத்தியம் இல்லை.

"எனக்குக் கூசவே இல்லை"

வெயில் முதுகில் அடிக்கும்போது ரோடு அழகாகத் தெரியும், மனசு வேகத்தைக் கேட்கும். அப்போது உங்கள் நிழலைப் பாருங்கள். அது முன்னால் நீளமாக விழுந்திருந்தால், எதிரே வருகிறவர் கண்ணில் சூரியன் அடித்துக்கொண்டிருக்கிறது. அந்த வெளிச்சத்துக்கு நடுவில் இருக்கும் ஒரு கறுப்புப் புள்ளிதான் நீங்கள். 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் ஹெட்லைட் தானாகவே எரிகிறது, ஆனால் சூரியனுக்கு எதிரே அந்த விளக்கு எடுபடாது. எதிர்த்திசையிலிருந்து யூ-டர்ன் எடுக்கும் கார், வலதுபக்கம் திரும்பும் ஆட்டோ, குறுக்கே கடக்கும் பெரியவர், இவர்கள் யாரும் உங்களைப் பார்த்திருக்க மாட்டார்கள் என்று வைத்துக்கொண்டே ஓட்டுங்கள். இந்த அறிகுறிக்குத்தான் எல்லாவற்றையும்விட நான் அதிகம் பயப்படுகிறேன், ஏனென்றால் இதில் அறிகுறி என்று எதுவுமே தெரிவதில்லை.

"மற்றவர்களுக்குப் பரவாயில்லை, எனக்கு மட்டும்தான் இப்படி"

வைசரும் கண்ணாடியும் சுத்தமாக இருந்தும் முன்பு இல்லாத கூச்சம் வந்திருந்தால் கண் மருத்துவரைப் பாருங்கள். கண்புரையின் ஆரம்பம் பலருக்கு மங்கலாக வருவதற்கு முன் கூச்சமாகத்தான் வரும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும், நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் வரக்கூடிய ஒரு வகைப் புரையில் எதிர்வெயில் தாங்காது. கண் உலர்ந்துபோனாலும், பவர் மாறியிருந்தாலும், பவர் கண்ணாடியில் பிரதிபலிப்பைத் தடுக்கும் பூச்சு இல்லாவிட்டாலும் கூசும். எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819-இல் தொடங்கியது, அங்கே இதையெல்லாம் பார்க்கிறார்கள். உங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் எந்தக் கண் மருத்துவரிடமும் போகலாம். "காலையில் எதிர்வெயிலில் வண்டி ஓட்ட முடியவில்லை" என்று அப்படியே சொல்லுங்கள். போர்டில் எழுத்தைப் படித்துக் காட்டிவிட்டு வந்துவிட்டால் இந்தக் குறை பிடிபடாமல் போகலாம்.

கண் சிவந்து, நீர் வடிந்து, கூசினால் மெட்ராஸ் ஐயாக இருக்கலாம். சரியாகும்வரை வண்டியை எடுக்க வேண்டாம், ஹெல்மெட்டையும் கூலிங் கிளாஸையும் இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டாம். புரை அறுவை செய்துகொண்டவர்கள் எப்போது வண்டி ஓட்டலாம் என்பதை மருத்துவரிடமே கேட்டு, அவர் சொன்ன பிறகு சாவியை எடுங்கள்.